உச்சத்தில் இருக்கிற பங்கைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்?

(தண்டையார்பேட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

பக்கத்தில் திருவொற்றியூரில், 1946-இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனிதான் எம்.ஆர்.எஃப். 2023 மே மாதம் அதன் பங்கு 99,933 ரூபாய் வரை வந்தது. ஒரு லட்சத்துக்கு நூறு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனாலும் அங்கேயே தயங்கித் திரும்பிவிட்டது. ஜூன் 13 அன்றுதான் தாண்டியது. அதுவரை இந்தியாவில் எந்தப் பங்கும் அந்த விலையைப் பார்த்ததில்லை. "இதற்கு மேல் எங்கே போகப்போகிறது" என்று அன்று விற்றவருக்கு, அடுத்த ஜனவரியில் அதே பங்கு ஒன்றரை லட்சத்தைத் தொட்டபோது எப்படி இருந்திருக்கும்!

அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். கடந்த 52 வாரங்களில் எந்தெந்தப் பங்கு புதிய உச்சம் தொட்டது, எது புதிய அடிமட்டத்துக்குப் போனது என்று பங்குச் சந்தைகள் தினமும் பட்டியல் தருகின்றன. நம் ஆட்கள் பலர் உச்சப் பட்டியலைப் பார்த்தால் ஒதுங்கிவிடுகிறார்கள். அடிமட்டப் பட்டியலைப் பார்த்தால், "சல்லிசாகக் கிடைக்கிறது" என்று கை நீட்டுகிறார்கள். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது.

ஏன் என்று சொல்கிறேன். நூறு ரூபாய்க்கு வாங்கி எழுபதில் மாட்டிக்கொண்டவர் என்ன நினைப்பார்? "அசல் வந்தால் போதும் சாமி, விற்றுவிட்டுப் போய்விடுவேன்." விலை திரும்ப நூறுக்கு வரும்போது அவரும் அவரைப் போன்ற ஆயிரம் பேரும் விற்கக் காத்திருப்பார்கள். ஏற வேண்டிய பங்கு அந்தக் கூட்டத்தில் முட்டி நிற்கும். ஓராண்டு உச்சத்தில் இருக்கும் பங்கிலோ, இந்த ஒரு வருடத்தில் வாங்கிய யாரும் நஷ்டத்தில் இல்லை. அந்த அழுத்தம் அங்கே குறைவு.

தாமஸ் ஜார்ஜ், சுவான் யாங் ஹ்வாங் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2004-இல் அமெரிக்கப் பங்குகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். நல்ல செய்தி வந்தும், விலை பழைய உச்சத்தின் அருகே இருப்பதாலேயே முதலீட்டாளர்கள் வாங்கத் தயங்குகிறார்கள். அந்தச் செய்தி விலையில் முழுதாக ஏற நாளாகிறது. அதனால் உச்சத்துக்கு அருகில் இருக்கும் பங்குகள் சராசரியாக மேலும் ஏறுகின்றன என்றார்கள். சராசரியாக என்பதைக் கவனியுங்கள். எல்லாப் பங்கும் அப்படி ஏறாது.

யெஸ் பேங்க்கை எடுத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தாண்டி உச்சம் தொட்டது. 2020 மார்ச்சில், ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டதும், பங்கு ஆறு ரூபாய்க்கும் கீழே போய் வந்தது. அப்புறம் 2024 பிப்ரவரியில் 32 ரூபாயைத் தாண்டியது. அதுவும் ஓராண்டு உச்சம்தான்! 2018-இல் வாங்கியவருக்கு அந்த உச்சத்தால் என்ன பயன்? ஓராண்டு என்பது நகர்ந்துகொண்டே போகிற கணக்கு. பழைய பெரிய உச்சம் அதிலிருந்து விழுந்துவிட்டால், கொஞ்சம் ஏறினாலே புதிய உச்சம் என்று பெயர் வந்துவிடும். ஆகவே ஐந்து வருட விலைச் சார்ட்டையும் திறந்து பாருங்கள்.

அடுத்து வால்யூம், அதாவது எத்தனை பங்குகள் கைமாறின என்ற கணக்கு. காசிமேட்டு ஏலத்தில் வஞ்சிரம் விலை ஏறுகிறது என்றால், எத்தனை வியாபாரிகள் கேட்கிறார்கள் என்று பார்ப்போம் இல்லையா? இரண்டு பேர் மாறி மாறிக் கேட்டு ஏற்றிய விலையை யாரும் அன்றைய மார்க்கெட் விலை என்று சொல்ல மாட்டார்கள். பங்கிலும் அப்படித்தான். வழக்கத்தைவிடப் பல மடங்கு பங்குகள் கைமாறி உச்சம் வந்தால் அதற்கு மதிப்பு உண்டு. பேர் தெரியாத ஒரு சின்னக் கம்பெனி, நாலு ஆயிரம் பங்கு வியாபாரத்தில் தினமும் அப்பர் சர்க்யூட் (ஒரு நாளில் ஏற அனுமதித்த எல்லை) அடித்து உச்சம் தொட்டால், அதுவும் டெலிகிராம் குரூப்பில் டிப்ஸ் வந்த பிறகு என்றால், தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் ஆப்ஷனில் (பங்கையே வாங்காமல், அதன் விலை ஏறுமா இறங்குமா என்று போடும் ஒப்பந்தத்தில்) இறங்குகிற தம்பிகளை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர், ஆப்ஷன் என்ற இந்த வகை ஒப்பந்தங்களில் வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்தார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியே ஆய்வு செய்து சொல்லியிருக்கிறது. உச்சம் தொட்ட பங்கை வாங்குவதென்றால் சொந்தப் பணத்தில், டெலிவரியில் (முழுப் பணம் கொடுத்து, பங்கு உங்கள் கணக்குக்கே வருகிற மாதிரி) வாங்குங்கள். எந்த விலைக்குக் கீழே போனால் வெளியேறுவது என்பதை வாங்குவதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

"ஸ்டாப்லாஸ் போட்டுவிட்டால் போதுமா?" என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்டார். குறித்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்பே போட்டு வைக்கும் ஆர்டர்தான் ஸ்டாப்லாஸ். தினமும் நிறையக் கைமாறுகிற பெரிய பங்கில் அது பெரும்பாலும் உதவும். ஆனால் காலையில் சந்தை திறக்கும்போதே விலை நீங்கள் குறித்ததற்குக் கீழே இருந்தால், அந்தக் கீழ்விலைக்குத்தான் விற்கும். லோயர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் இறங்க அனுமதித்த எல்லையில்) உட்கார்ந்துவிட்ட பங்கில் வாங்க ஆளே இருக்காது. ஸ்டாப்லாஸ் ஆர்டர் அப்படியே கிடக்கும்.