போனது ஒரு பல், காசு மூன்று பல்லுக்கு!

வணக்கம் மக்களே! லைட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன், இப்போது வலது கன்னம் வீங்கியிருப்பது தெரிகிறதா? கமர்கட் வீடியோவில் "கடிக்காதே, சப்பு" என்று கமெண்ட்டில் பாதிப் பேர் கத்தினீர்களே, அந்தக் கமர்கட்டுக்குப் பலியான கீழ்க் கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் நேற்று ஸ்க்ரூ போட்டாச்சு.

அதற்கு முன்னால் என் கடுப்பைக் கேளுங்கள். முதலில் போன கிளினிக்கில் பிரிட்ஜ் போடலாம், யூனிட் 6,000 ரூபாய் என்றார்கள். அவ்வளவுதானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். எஸ்டிமேட் கையில் வந்தால் 18,000! என்னங்க இது என்று கேட்டால், நடுவில் பொய்ப் பல் நிற்க இரண்டு பக்கத்துப் பல்லையும் ராவி அதற்கும் கேப் மாட்ட வேண்டுமாம், ஆக மூன்று யூனிட். ஆட்டோவில் ஒரு ஆள் ஏறியதற்கு, பக்கத்தில் காலியாக இருக்கிற ரெண்டு சீட்டுக்கும் சேர்த்துக் காசு கேட்கிற மாதிரி இருந்தது. 18,000! வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இதையேதான் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். சரி, காசு கூடப் போகட்டும், ராவிய எனாமல் திரும்ப வளராதே, நல்லா இருக்கிற பல்லை எதற்கு ராவணும்? அந்த ரெண்டும் ஏற்கெனவே சொத்தையாகிக் கேப் கேட்கிற பல் என்றால் பிரிட்ஜ் சரியான கணக்குதான், என்னுடையது அப்படி இல்லை. (கேப் என்றால் பல்லுக்குப் போடுகிற தொப்பி. கேப்பை மூடத்தான் கேப், குழம்பாதீர்கள்.)

கழற்றி மாட்டுகிற பல் செட் இருக்கிறதிலேயே விலை குறைவு. ஆனால் அம்மா ராத்திரி தன் செட்டை டம்ளர் தண்ணீரில் போட்டு வைப்பார், ஒருநாள் இருட்டில் நான் அந்த டம்ளரை எடுத்து... வேண்டாம், விடுங்கள். எனக்கு அது ஆகவே ஆகாது.

கடைசியில் இம்ப்ளாண்ட்தான். தாடை எலும்பில் டைட்டானியம் ஸ்க்ரூ இறக்குவார்கள், எலும்பு அதைக் கவ்விக்கொள்ளும். 1950களில் ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற மருத்துவர் முயல் எலும்பில் டைட்டானியக் கருவி வைத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார், முடிந்ததும் கழற்றப் பார்த்தால் வரவே இல்லை, எலும்போடு ஒட்டிப்போயிருந்ததாம். 1965இல் மனிதர் வாய்க்கே வந்துவிட்டது. எனக்குக் கேப்போடு சேர்த்து 32,000. பிரிட்ஜைவிட அதிகம்தான், ஆனால் பக்கத்துப் பல் மேல் கை படவில்லை.

ஐயோ, ஸ்கேனை மறந்துட்டேன்! சிபிசிடி ஸ்கேன், அதாவது தாடையை முப்பரிமாணத்தில் படம் எடுக்கிற எக்ஸ்ரே, அது தனிக் காசு. எலும்பு போதுமா, கீழ்த் தாடை நரம்பு எங்கே ஓடுகிறது என்று பார்ப்பதற்கு, ஏனென்றால் அந்த நரம்பில் பட்டால் உதடு மரத்துப்போகலாம். பல்லைப் பிடுங்கி எட்டு மாதம் சும்மா இருந்ததற்கு நல்லா திட்டு வாங்கினேன், எலும்பு கரைந்து மெலிந்திருக்கிறது, எதிரே இருக்கிற மேல் பல்லும் லேசாகக் கீழே இறங்கியிருக்கிறது. சுகர் டெஸ்ட்டும் எடுத்தார்கள், கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறுவது சிரமமாம்.

கேப் மாட்ட இன்னும் மூன்று மாதம். கமர்கட் பார்சல் அனுப்பிய புண்ணியவான் யாரோ, டப்பாவை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மிக்ஸி சத்தம் கேட்கிறதா? ஆறிப்போன ரசம் சாதம்தான், போய்க் குடித்துவிட்டு வருகிறேன்.