மல்கேர் கேட்ட சின்னக் கேள்விகள்

வணக்கம், நேயர்களே. கனடாவின் ஒட்டாவா பாராளுமன்றத்தின் கேள்வி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வந்திருக்கிறேன். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டு, "இதென்ன சந்தைக் கடை" என்று சானலை மாற்றியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மாற்றியதில் தப்பில்லை. அந்த 45 நிமிடத்தில் பெரும்பகுதி கூச்சலும் மேசையைச் சுற்றிய கைதட்டலும்தான். ஆனாலும் 2013ஆம் ஆண்டு எதிர்க்கட்சித் தலைவர் மல்கேர் பிரதமரைக் கேட்ட சில கேள்விகளைச் சொன்னால், ஏன் சிலர் இன்னும் அதை விடாமல் பார்க்கிறோம் என்பது விளங்கும்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். திங்கள் முதல் வியாழன் வரை பிற்பகல் 2.15க்கு, வெள்ளிக்கிழமை காலை 11.15க்கு. கேள்விக்கு 35 வினாடி, பதிலுக்கும் 35 வினாடி. தாண்டினால் சபாநாயகர் எழுந்துவிடுவார், ஒலிவாங்கி அணைந்துவிடும். என்ன கேட்கப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. இந்திய மக்களவையில் 15 நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். இலங்கையிலும் வாய்மொழிக் கேள்விக்கு முன்னறிவித்தல் கேட்பார்கள். ஒட்டாவாவில் இன்றைக்கு என்ன வரும் என்று அமைச்சரே ஊகித்து, அலுவலர்கள் தயாரித்துக் கொடுத்த கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வேண்டும்.

அமைச்சர் பக்கமும் ஒரு பெரிய வசதி இருக்கிறது. பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாரிடம் கேட்டாலும், யார் எழுந்து பதில் சொல்வது என்பதை அரசு தரப்புதான் முடிவு செய்யும். பிரதமரிடம் கேட்டால் வேறொருவர் எழும்பலாம்.

இந்த 35 வினாடியைப் பெரும்பாலான எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எப்படிச் செலவழிக்கிறார்கள்? 30 வினாடி குற்றச்சாட்டு, கடைசி 5 வினாடியில் "இதற்கு அமைச்சர் மன்னிப்புக் கேட்பாரா?" என்று ஒரு வால். மாலைச் செய்தியில் போடுவதற்குத் தோதான துண்டு அது. அமைச்சருக்கும் அதுதான் பிடிக்கும். குற்றச்சாட்டில் ஏதோ ஒரு வார்த்தையைப் பிடித்து, "உங்கள் கட்சி ஆண்டபோது" என்று தொடங்கி அவரும் 35 வினாடியை ஓட்டிவிடுவார். இரண்டு பேருக்கும் செய்தியில் இடம் கிடைத்துவிடும். அதைப் பார்த்தவனுக்கு ஒன்றும் கிடைக்காது.

சரி, 2013க்கு வருவோம். பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர். எதிர்க்கட்சித் தலைவர் புதிய ஜனநாயகக் கட்சியின் தோமஸ் மல்கேர், தொழிலால் சட்டத்தரணி. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஸ்கார்பரோ ரூஜ் ரிவரில் வென்ற ராதிகா சிற்சபைஈசன் அப்போது இவருடைய அணியில்தான் இருந்தார். மைக் டஃபி என்பவர் தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்து ஹார்ப்பரால் செனட்டராக நியமிக்கப்பட்டவர். ஒட்டாவாவிலேயே வீடு வைத்துக்கொண்டு, பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வசிப்பதாகக் காட்டி வீட்டுச் செலவுப் பணம் எடுத்தார் என்று சர்ச்சை. அவர் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை 90,172 டொலர். அதைக் கட்டினார் என்று எல்லோரும் நினைத்திருக்க, அந்தப் பணம் பிரதமரின் அலுவலகத் தலைவர் நைஜல் ரைட் தன் சொந்தக் காசோலையால் கொடுத்தது என்று மே மாத நடுவில் செய்தி வெடித்தது. 19ஆம் தேதி ரைட் பதவி விலகினார். அதன் பிறகு ஹார்ப்பர் தென்னமெரிக்கப் பயணம் போனார்.

அவர் திரும்பி வந்து, மே 28ஆம் தேதி அவையில் உட்கார்ந்தார். மல்கேர் எழுந்தார். எல்லோரும் இடிமுழக்கம் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது சின்னச் சின்னக் கேள்விகள். எந்தத் தேதியில் தெரிய வந்தது? ரைட்டோடு இதைப் பற்றி எப்போது பேசினீர்கள்? உங்கள் அலுவலகத்தில் வேறு யாருக்குத் தெரியும்? முன்னுரை இல்லை, திட்டு இல்லை. ஒன்றை ஆங்கிலத்தில் கேட்டால் அடுத்ததைப் பிரெஞ்சில் கேட்பார். நீதிமன்றக் குறுக்கு விசாரணை மாதிரியே இருந்தது.

இதில் இருந்த சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். கேள்வி சில வினாடிகளில் முடிந்துவிடுகிறது. பதிலுக்கு 35 வினாடி இருக்கிறது. பிடித்துக்கொண்டு சண்டை போட அதில் ஒரு குற்றச்சாட்டுகூட இல்லை, ஒரு தேதிதான் இருக்கிறது. தேதியைச் சொல்லாமல் பேசினால், சொல்லாததே எல்லோருக்கும் தெரிகிறது. தேதியைச் சொன்னால் அது அவைக் குறிப்பில் ஏறிவிடுகிறது. ஹார்ப்பர் தனக்கு மே 15ஆம் தேதி, செய்தி வெளியான பிறகுதான் தெரியும் என்றார். ஜூன் 5ஆம் தேதி இன்னும் ஒரு படி போய், ரைட் செய்தது ரைட்டின் முடிவு, அது தனக்கோ தன் அலுவலகத்தினருக்கோ தெரிவிக்கப்படவில்லை என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் பிறகு அவர் கழுத்தைச் சுற்றியது. ஒக்டோபரில் பேச்சு மாறியது; ரைட் ஒரு சிலருக்கு மட்டும் சொன்னார் என்றார். பதவி விலகினார் என்று சொல்லி வந்த ரைட்டை, ஒரு வானொலிப் பேட்டியில் நீக்கப்பட்டவர் என்றார். நவம்பர் 20ஆம் தேதி கனடாவின் மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி.யினர் நீதிமன்றத்தில் கொடுத்த ஆவணம் வெளியானது. பிரதமர் அலுவலகத்தின் மூத்த ஆட்கள் பலருக்கு விஷயம் தெரிந்திருந்தது என்பது அதில் இருந்த மின்னஞ்சல்களில் கிடந்தது. ஜூனில் யாரும் கேட்டிருக்காவிட்டால், நவம்பரில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

அரசு தரப்பின் தற்காப்பும் பார்க்கத் தக்கது. ஹார்ப்பர் இல்லாத நாட்களில் எழுந்தவர், போல் கலண்ட்ரா (Paul Calandra) என்ற ஆளுங்கட்சி உறுப்பினர். மார்க்கம் பக்கத்து நேயர்களுக்கு அவரை நன்றாகத் தெரிந்திருக்கும், பிற்பாடு மாகாண அரசில் அமைச்சரானார். காசோலையைப் பற்றிக் கேட்டால் தன் தகப்பனாரின் பீட்சாக் கடைக் கதையைச் சொல்வார். ஊருக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிற கதைதான். 2014 செப்டம்பரில் அது எல்லை கடந்தது. ஈராக்குக்கு அனுப்பிய கனடியப் படையினரின் 30 நாள் பணி எப்போது முடியும் என்று மல்கேர் கேட்டார். கலண்ட்ரா இஸ்ரேலைப் பற்றிப் பதில் சொன்னார். மறுபடி கேட்டார், மறுபடியும் இஸ்ரேல். மல்கேர் பொறுமை இழந்து, சபாநாயகர் அண்ட்ரூ ஷீர் நடுநிலையாக இருக்கிறாரா என்று கேட்டார். ஷீர் அவருடைய மீதிக் கேள்விகளைப் பறித்து அடுத்த கட்சிக்குக் கொடுத்துவிட்டார். சில நாள் கழித்துக் கலண்ட்ரா அவையில் கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார். ஷீர் மட்டும் தன் நிலையில் உறுதியாக இருந்தார்: பதில் பொருத்தமானதா என்று பார்க்கும் அதிகாரம் சபாநாயகருக்கு இல்லை. விதிப்படி அவர் சொன்னது சரி. அந்த விதிதான் சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

டஃபி விவகாரத்தின் முடிவையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரைட் மீது வழக்குப் போடவில்லை. டஃபி மீது சுமத்திய 31 குற்றச்சாட்டுகளிலிருந்தும் 2016 ஏப்ரலில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. நீதிபதியின் கடும் கண்டனம் விழுந்தது பிரதமர் அலுவலகம் நடந்துகொண்ட விதத்தின் மீதுதான்.

மல்கேருக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். வாக்கில் ஒன்றும் இல்லை. 2015 ஒக்டோபர் தேர்தலில் ஹார்ப்பர் தோற்றார், ஆனால் 2011இல் 103 ஆசனம் வென்ற மல்கேரின் கட்சி 44க்கு இறங்கியது. அவையில் மூன்றாவது கட்சித் தலைவராக இவருக்குப் பின்னால் வரிசையில் நின்று கேள்வி கேட்ட ஜஸ்டின் ட்ரூடோ 184 ஆசனங்களோடு பிரதமரானார். அடுத்த ஏப்ரலில் மல்கேரின் சொந்தக் கட்சியே தலைமைக்கு வேறு ஆள் தேடலாம் என்று வாக்களித்தது. எதிர்க்கட்சி வேலையை அவரைவிட நன்றாகச் செய்தவர்கள் குறைவு என்றே இன்றும் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். 2017இல் அண்ட்ரூ ஷீர் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவராகி எதிர்க்கட்சி ஆசனத்துக்கு வந்தார். 2019இல் எஸ்.என்.சி. லவலின் என்ற பொறியியல் நிறுவனத்தின் மீதான லஞ்ச வழக்கு விவகாரம். அந்த வழக்கில், நீதியமைச்சராக இருந்த ஜோடி வில்சன்-ரேபோல்டுக்கு அழுத்தம் கொடுத்தீர்களா என்று ஷீர் ட்ரூடோவை நாள்தோறும் கேட்டார். ட்ரூடோ கனடியர்களின் வேலைவாய்ப்பைப் பற்றிப் பதில் சொன்னார். பதிலின் தரத்தைப் பார்ப்பது சபாநாயகர் வேலை இல்லை என்ற விதி அப்போதும் இருந்தது. இன்றும் அப்படியே இருக்கிறது. நன்றி, வணக்கம்.