கேம்ல எடுத்தா அது படமில்லையா?

வணக்கம் மக்களே! சாட்ஸ்வர்த் அறையில இன்னிக்கு கேம் இல்ல, கோவம்தான். இங்க டர்பன்ல ஒரு குறும்படப் போட்டி, ஃபார்ம்ல ரெண்டே கட்டம்: அனிமேஷன், லைவ் ஆக்‌ஷன். மெஷினிமா, அதான் வீடியோ கேமுக்குள்ளயே எடுக்கற படம், எங்கன்னு கேட்டா, "அது கேம்ப்ளே ரெக்கார்டிங்தானே"ங்கறாங்க.

இல்லவே இல்ல! 1996லயே க்வேக்ங்கற கேம்ல எடுத்த 'டயரி ஆஃப் எ கேம்ப்பர்' படம் வந்தாச்சு. அதுல கேமரா விளையாடறவன் கண்ணுல இல்ல, தனியா நிக்குது. என் கணக்குல கோடு அங்கதான். கேமரா எங்க நிக்கணும், ஆளு எப்பத் திரும்பணும்னு ஒருத்தர் முடிவு பண்ணணும், அது என்ஜின்ல, அதாவது கேமை ஓட்டற மென்பொருள்ல, அப்பவே ஓடித் தெரியணும். செகண்டுக்கு 24 ஃப்ரேம்னா ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கறது சுமார் 41.7 மில்லி செகண்ட்.

அப்போ அன்ரியல் என்ஜின்ல கடைசிப் படத்தை எடுத்துத் தர்ற மூவி ரெண்டர் க்யூ ஒரு ஃப்ரேமுக்கே பல செகண்ட் எடுக்குதேன்னு கமென்ட்ல சண்டை போடுவீங்க. எடுக்கட்டுமே! லைட்டும் கேமராவும் அதோட டைம்லைன் எடிட்டரான சீக்வென்சர்ல கண்ணு முன்னாடி நகர்த்தி வெச்சது. கடைசில மெதுவா வர்றது லேப்ல பிரிண்ட் போடற மாதிரி.

எனக்குப் பிடிக்கவே பிடிக்காதது, செகண்டுக்கு 60 ஃப்ரேம்ல ரெக்கார்ட் பண்ணி 24 ஃப்ரேம் டைம்லைன்ல போடறது. வகுத்தா 2.5 வருது. எடிட்டர் ஒரு தடவை 2 ஃப்ரேம் நகரும், அடுத்து 3. கேமராவை மெதுவா பக்கவாட்டுல திருப்பிப் பாருங்க, சுவத்துல இருக்கற செங்கல் வரிசை தடுக்கித் தடுக்கிப் போகும். அசைவை மங்கலாக்கற மோஷன் பிளர் போட்டு மறைக்காதீங்க, ப்ளீஸ்! கேமையும், திரையைப் பதியற மென்பொருளான ஓபிஎஸ்ஸையும் 48ல பூட்டுங்க. ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்தா சுத்தமா 24. 30 வேணும்னா 60 சரி. கேம் அந்த எண்ணுக்குக் கீழ இறங்கினா ஓபிஎஸ் பழைய ஃப்ரேமையே திரும்பப் பதியும், அதனால கேம் செட்டிங்ஸ்ல ஷேடோவைக் குறைச்சுக்கோங்க.

ஐயோ, முதல்ல சொல்ல வேண்டியது: ஸ்கோர், மேப்னு திரையில மேல தெரியற ஹெச்யூடியை ஆஃப் பண்ணுங்க! அப்புறம் ஓபிஎஸ்ல எம்கேவி ஃபார்மேட்ல பதியுங்க. நம்ம ஊர்ல கரண்ட் போனா சாதா எம்பி4 திறக்கவே திறக்காது, ஏன்னா அதோட குறியீட்டுப் பட்டியலைக் கடைசிலதான் எழுதும். எம்கேவி, கரண்ட் போன நிமிஷம் வரைக்கும் ஓடும். அப்புறமா ஓபிஎஸ் ஃபைல் மெனுல ரீமக்ஸ் பண்ணி எம்பி4 ஆக்கிக்கலாம்.

ஃபார்ம் மேஜையிலதான் இருக்கு. ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல பேனாவால 'மெஷினிமா'ன்னு எழுதியே அனுப்பறேன்.