வைஃபை வேறு, இணையம் வேறு

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் என் பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். "வைஃபை முழுமையாகத்தான் காட்டுகிறது, ஒன்றுமே திறக்க மாட்டேன் என்கிறது" என்றார். நேரில் போனேன். செல்பேசியின் மேல் ஓரத்தில் வைஃபைக் குறியின் வளைவுகள் நிறைந்திருந்தன. சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டியிலோ, எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பெரியம்மா பெட்டியை ஐந்தாறு முறை அணைத்துப் போட்டுவிட்டார். புதுச் செல்பேசி வாங்குவதாக முடிவே செய்திருந்தார்.

வைஃபை என்பது செல்பேசிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே உள்ள சில அடி தூர வானலைத் தொடர்பு மட்டுமே. பெட்டிக்கு அப்பால், தெருக் கம்பம் தாண்டிக் கடல் கடந்து போவது இணையம். வீட்டுக் குழாய்கள் ஒழுங்காக இருந்தாலும், தெருவில் தண்ணீர் விடாத நாளில் குழாயில் காற்றுதானே வரும்? பெரியம்மா வீட்டில் நடந்தது அதுதான். எல்ஓஎஸ் சிவந்தால், ஒளியிழைக் கம்பியில் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள்.

அந்தப் பெட்டியைப் பலரும் இன்னும் மோடம் என்கிறோம். தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த காலத்துப் பெயர் அது. ஒளியிழையில் வரும் ஒளியை மின்குறிகளாக மாற்றும் கருவிக்கு ஓஎன்டி என்று பெயர். வந்ததை வீட்டிலுள்ள கருவிகளுக்குப் பிரித்து அனுப்புவது ரௌட்டர். இப்போது பெரும்பாலும் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

பலரையும் குழப்பும் இன்னொரு சொல் 5ஜி. உங்கள் வீட்டு வைஃபை இரண்டு பெயர்களில் தெரியலாம். ஒன்றின் வாலில் 5ஜி என்றிருக்கும். 2022 அக்டோபரில் இந்தியாவில் தொடங்கிய செல்பேசிச் சேவைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அங்கே ஜி என்றால் தலைமுறை, இங்கே கிகாஹெர்ட்ஸ், அதாவது அலை எத்தனை வேகமாக அதிர்கிறது என்பதன் அளவு. வைஃபை பெரும்பாலும் 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. 5 வேகமானது, ஆனால் ஒரு கான்கிரீட் சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2.4 மெதுவானது, சுவர் தாண்டி அடுப்படி வரை போகும். அடுப்படியில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் அதுவும் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. அதிலிருந்து கசியும் சிறிதளவு அலைகூடப் பக்கத்தில் ஓடும் வீடியோவைத் திணறவைக்கலாம். ரௌட்டரை இரும்புப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பீரோவின் தகடு அலையை மறித்துத் திருப்பிவிடும். கூடத்தின் நடுவில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள்.

அடுத்து வேகம். 100 எம்பிபிஎஸ் திட்டம் வாங்கியவர், கோப்பு இறங்கும்போது 12 என்று காட்டுவதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைக்கிறார். திட்டத்தில் சொல்வது மெகாபிட், திரையில் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. 600 மெகாபைட் கோப்பு ஒன்று, எல்லாம் சரியாக இருந்தால், 48 விநாடியில் இறங்க வேண்டும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு சோதியுங்கள். குறைந்தால் இணையம் தரும் நிறுவனத்தைத் தயங்காமல் கேளுங்கள்.

கடவுச்சொல்லுக்குப் பக்கத்தில் டபிள்யூஇபி, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்ற பெயர்கள் வரும். வைஃபையைப் பூட்டிப் பாதுகாக்கும் முறைகள் அவை. முதலாவது 2001லேயே உடைக்கப்பட்ட பூட்டு, அதைத் தொடாதீர்கள். மற்ற இரண்டில் ஒன்று இருக்கட்டும்.

வைஃபை எதன் சுருக்கம் என்று மாணவர்கள் கேட்பார்கள். எதன் சுருக்கமும் இல்லை. 1999இல் பெயர்சூட்டும் நிறுவனம் ஒன்று, நாவில் எளிதாகப் புரள வேண்டும் என்று உருவாக்கிய பெயர். புளூடூத்துக்குத்தான் பழங்கதை உண்டு: பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் மன்னரின் பட்டப்பெயர் அது. அவருடைய பெயரின் முதலெழுத்துகளைப் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து வடிவில் பின்னியதுதான் உங்கள் செல்பேசியில் தெரியும் அந்தக் குறி.

பெரியம்மா அன்று மாலையே புகார் எண்ணை அழைத்தார். "எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மினுக்குகிறது" என்று ஒரே வரியில் சொன்னார். பெட்டியை அணைத்துப் போடச் சொல்லி யாரும் அவரைக் காக்கவைக்கவில்லை. மறுநாள் காலை ஊழியர் வந்து, மாடிப்படித் திருப்பத்தில் எலி கடித்திருந்த இழையை இணைத்தார். சிவப்பு விளக்கு அணைந்தது.

நன்றி, வணக்கம்.