ஒரு கல்லு மேல ஏறி நின்ன பாதிரியார்

வணக்கம் நேயர்களே. பிதா, சுதன், பரிசுத்த ஆவி, இதை கல்யாண வீட்டுலயாவது கேட்டிருப்பீங்க. மூணும் சேர்ந்து ஒரே கடவுள்ங்கற இந்தத் திரித்துவம் பைபிள்ல எங்கங்க இருக்கு, கடவுள் ஒருத்தர்தானேன்னு கேட்டவங்கதான் யூனிடேரியன். கேக்கறது சுலபம், ஆனா கேட்ட செர்வெட்டஸ்ங்கற ஸ்பெயின் டாக்டரை 1553ல ஜெனீவாவுல உயிரோட கொளுத்திட்டாங்க. கொளுத்தினது கத்தோலிக்கர் இல்ல, சீர்திருத்தம் பேசின புராட்டஸ்டண்ட் ஆளுங்க, அதைக் கவனிங்க.

எனக்குப் பிடிச்ச ஆளு, இன்னிக்கு ருமேனியாவுல இருக்கற டிரான்சில்வேனியாவோட பாதிரியார் ஃபெரென்ட்ஸ் டாவிட். டிராகுலா ஊரான்னு சிரிக்காதீங்க, அதே ஊருதான். மனுஷன் முதல்ல கத்தோலிக்கர், அப்புறம் லூத்தரன், அப்புறம் கால்வின் கட்சி, ரெண்டும் புராட்டஸ்டண்ட் பிரிவுதான், கடைசில யூனிடேரியன். கட்சி மாறிங்கறீங்களா? படிக்கப் படிக்க மாறினாரு, அவ்ளோதான். 1568 மார்ச்ல ராஜா முன்னாடி திரித்துவம் சரியான்னு பத்து நாள் வாதம், காலைல அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சிடுவாங்களாம், அந்த ஊர் குளிர்ல! முடிச்சுட்டு ஊருக்குத் திரும்பினவரு தெருமுனைல ஒரு உருண்டைக் கல்லு மேல ஏறிப் பேச, கேட்ட ஜனம் அப்படியே தோள்ல தூக்கிட்டுப் போய் பெரிய சர்ச்சுல இறக்குச்சாம். இது கதைதான், ஆனா கல்லு இன்னும் அவரோட க்ளூஜ் ஊரு யூனிடேரியன் சர்ச்சுல இருக்கு.

ராஜா ஜான் சிகிஸ்மண்டும் அந்தப் பக்கமே சாஞ்சுட்டாரு. அதே 1568 ஜனவரில டோர்டாங்கற ஊர்ல, போதகர் அவருக்குப் புரிஞ்சபடி பேசலாம், ஏன்னா விசுவாசம் கடவுள் குடுக்கறதுன்னு சட்டம் போட்டிருந்தாங்க. எல்லா மதத்துக்கும் இல்ல, நாலு கிறிஸ்தவப் பிரிவுக்குத்தான் சவுகரியம், இருந்தாலும் மத்த ஊர்ல ஆளைக் கொளுத்திட்டிருந்த காலம், நெனச்சுப் பாருங்க. 1571ல ராஜா போனதும் காத்து மாறிடுச்சு. ஏசுவை வேண்டிக்கக் கூடாதுன்னு டாவிட் இன்னும் ஒரு படி போக, டேவா கோட்டை ஜெயில்ல 1579ல செத்தாரு. அந்தச் சபை மட்டும் சாகல.

போலந்துல இதே மாதிரி இருந்தவங்களை 1658ல நாட்டை விட்டே போங்கன்னுட்டாங்க. இங்கிலாந்துல ப்ரீஸ்ட்லின்னு ஒரு யூனிடேரியன் பாதிரியார், லீட்ஸ் ஊர்ல பீர் காய்ச்சற எடத்துக்குப் பக்கத்து வீட்டுல இருந்து, அங்க கிளம்பற காத்தைத் தண்ணில கலந்து பார்த்தவரு, நாம குடிக்கற சோடாவுக்கு ஆதி ஆளு! ஆக்சிஜனும் அவரு கண்டதுதான். 1791ல பர்மிங்ஹாம்ல கும்பல் அவரு வீட்டை எரிச்சுது, அமெரிக்கா போயிட்டாரு.

அமெரிக்காக் கதையெல்லாம் விட்டுடறேன், நேரம் முடிஞ்சுதுன்னு ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டறாங்க. நம்ம சென்னையை மட்டும் சொல்லிடறேன். வேலைக்காரரா இங்கிலாந்து போன ஒரு தமிழர், வில்லியம் ராபர்ட்ஸ்னு பேரு, அங்க இந்தப் புத்தகங்களைப் படிச்சுட்டு வந்து சபை ஆரம்பிச்சாரு, 1813ல புரசைவாக்கத்துல கோயிலும் எழும்பிடுச்சு. திரித்துவத்தை மறுக்கறது குத்தமில்லன்னு இங்கிலாந்துல சட்டம் வந்ததும் அதே 1813லதாங்க. சரி, சரி, முடிச்சுட்டேன், வரேன்.