சந்தாவில் சேர முதல் நிற்பாட்டும் வழி

நேயர்களுக்கு வணக்கம்.

1841இல் அமெரிக்க மிஷன்காரர் 'உதயதாரகை'ப் பத்திரிகையைத் தொடங்கிய நாளிலிருந்து பேப்பர் வாங்கி வாசித்துப் பழகிய ஊர் எங்கள் யாழ்ப்பாணம். பேப்பர் வேண்டாமென்றால் படலையடியில் நின்று, "தம்பி, நாளையிலிருந்து போடாதேங்கோ" என்று ஒரு சொல்லுச் சொன்னால் போதும். கைபேசியில் எடுக்கிற சந்தாவுக்குப் படலையும் இல்லை, தம்பியும் இல்லை. நாங்களாக நிற்பாட்டும்வரை அது தானாகவே புதுப்பிக்கும்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்ப்போம். யூடியூபில் 'சப்ஸ்கிரைப்' பொத்தானை அழுத்தினால் காசு போகாது. அந்தச் சனலின் புதிய வீடியோக்கள் உங்களுக்கு வந்து சேரும், அவ்வளவுதான். பக்கத்தில் 'ஜொயின்' என்று ஒன்று இருந்தால் அதுதான் மாதக் கட்டணம்.

இனிக் காசு போகிற சந்தா. கார்ட் இலக்கம், முடிவுத் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் கொடுத்ததும் வங்கியிலிருந்து ஓடீபீ, அதாவது ஒருமுறை மட்டும் பாவிக்கிற இரகசிய இலக்கம், வரும். மாதாமாதம் இப்படிக் கேட்டுத்தான் எடுப்பார்கள் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அப்படியில்லை. முதல்நாள் கொடுத்த ஓடீபீயே அடுத்த மாதங்களுக்கும் சம்மதமாகிவிடும். இரண்டாம் மாதம் காசு போன பிறகுதான் குறுஞ்செய்தி வரும். ஆகவே சம்பளம் விழுகிற கணக்கின் கார்ட்டைக் கொடுக்காதீர்கள். தனியாக ஒரு சேமிப்புக் கணக்குத் திறந்து, இரண்டு மாதச் சந்தாவுக்கு அளவான காசை மட்டும் அதில் விடுங்கள்.

விலை டொலரில் இருந்தால் இன்னொரு கணக்கும் பார்க்கவேண்டும். 5 டொலர் சந்தா, ஒரு டொலர் 300 ரூபா என்றால் 1500 ரூபா. அதற்கு மேல் வங்கியின் கட்டணம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாவளவுக்குப் போனது. சந்தா விலை ஒரு சதமும் கூடாமலே இங்கே பாரம் ஏறியது.

நிற்பாட்டுவதில்தான் கூடுதலான ஆட்கள் தடுமாறுவது. செயலியை அழித்தால் சந்தா நிற்காது. அன்ட்ரொயிட் கைபேசியில் பிளே ஸ்ரோரைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள உங்கள் படத்தைத் தொடுங்கள். கொடுப்பனவும் சந்தாக்களும் என்ற பகுதிக்குள் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' இருக்கும். அங்கே குறித்த சந்தாவைத் தொட்டு 'கான்சல்' கொடுக்கவேண்டும். ஐபோனில் செற்றிங்ஸுக்குப் போய், உங்கள் பெயரைத் தொட்டு 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' கொடுத்தால் சந்தாப் பட்டியல் வரும். ஐபோனில் முதலில் இலவசமாகப் பார்க்கத் தரும் தவணை என்றால், அது முடிய 24 மணித்தியாலத்துக்கு முதலே நிற்பாட்டவேண்டும். மூன்று நாள் முந்திய திகதியைச் சுவர்க் கலண்டரில் வட்டமிட்டு வைப்பது நல்லது.

பட்டியலில் அந்தச் சந்தாவே இல்லையா? பெரும்பாலும் மகன் தன்னுடைய ஜிமெயிலில் எடுத்துத் தந்திருப்பார். அதே படத்தைத் தொட்டு மற்றக் கணக்குக்கு மாறிப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் இணையத்தளத்தில் நேரடியாக எடுத்த சந்தா. அந்தத் தளத்துக்குள்ளே போய்த்தான் நிற்பாட்டலாம்.

ரீலோட் போட்ட காசு நாளுக்கு நாள் கரைகிறதென்றால், செய்தியோ ராசிபலனோ குறுஞ்செய்தியாக வருகிற சேவை ஏதாவது இயங்குகிறதா என்று தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டு நிற்பாட்டுங்கள்.

கனடாவில் இருக்கிற அண்ணனின் நெட்ஃபிளிக்ஸ் கணக்கை இங்கே பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். 2023இலிருந்து அந்த நிறுவனம் ஒரு கணக்கு ஒரு வீட்டாருக்கு என்பதை இறுக்கிப் பிடிக்கிறது. மேலதிகமாக ஆள் சேர்க்கிற வசதி உண்டு. ஆனால் சேர்க்கப்படுபவர் கணக்குக்காரரின் நாட்டிலேயே இருக்கவேண்டும். ரொறன்ரோக் கணக்கில் கோண்டாவிலைச் சேர்க்க இயலாது. திடீரென்று ரீவியில் படம் நின்றால் அண்ணனோடு கோவிக்கவேண்டாம்.

டேட்டா விடயத்தில், நெட்ஃபிளிக்ஸின் குறைந்த தரத்துக்கு மணிக்கு 0.3 ஜிபியளவு போதும். எச்டி என்றால் 3 ஜிபி வரை போகும், 4கே என்றால் 7 ஜிபி. கைபேசியின் சின்னத் திரைக்கு 4கே வீண்செலவு. வைஃபை உள்ள இடத்தில் இறக்கி வைத்துப் பார்க்கலாம். ஆனால் இறக்கிய படங்களுக்கும் தவணை உண்டு. சில, பார்க்கத் தொடங்கி 48 மணித்தியாலத்தில் பூட்டிவிடும்.

சஞ்சிகைகளிலும் இதே கதைதான். அச்சுப் பிரதி பரணில் கிடக்கும். மின்னிதழைச் செயலிக்குள் வாசித்தால், சந்தா முடிகிற அன்றே பழைய இதழ்களும் திறக்காமல் போகக்கூடும். காசு கட்ட முதல் பீடிஎஃப் ஆக இறக்கி வைக்க விடுவார்களா என்று பாருங்கள். தேடுவது பழைய 'மல்லிகை' போன்ற இதழ் என்றால் சந்தாவே தேவையில்லை. 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம்.

கடைசியாக ஒன்று. நிற்பாட்டியதும் அதை உறுதிசெய்து மின்னஞ்சல் வரும். அதை அழிக்காதீர்கள். அதற்குப் பிறகும் காசு போனால் வங்கியில் முறைப்பாடு கொடுக்கும்போது காட்ட அதுதான் கையில் இருக்கும். வணக்கம்.