சிங்கத்துக்கு முன்னாடி எறும்பைப் பாருங்க

(கென்யா சஃபாரிக்குக் கிளம்புற பிளஸ் ஒன் பசங்களும் அவங்க வீட்டுப் பெரியவங்களும் உக்காந்திருந்த கூட்டத்துல விலங்கியல் டீச்சர் பேசினது. பேசின மாதிரியே எழுதியிருக்கு.)

எல்லாருக்கும் வணக்கம். ஃபார்ம் குடுக்க வந்த பேரன்ட்ஸ்ல முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான், சிங்கம் கண்டிப்பா பாத்துடுவாங்களா மிஸ், இவ்வளவு செலவு பண்றோமேன்னு. நியாயமான கேள்விதான். மசாய் மாராங்கற காப்பகத்துல சிங்கம் நிறைய இருக்கு, புல்வெளி திறந்த வெளியா இருக்கறதால கண்ணுலயும் படும், அதுல கவலையே வேணாம். ஆனா சிங்கத்தைப் பாக்கறதுக்கு மட்டும்னா வண்டலூர் போதும், கடல் தாண்டிப் போக வேண்டியதில்ல. பசங்களை அங்க கூட்டிட்டுப் போறது வேற ஒண்ணுக்காக. ஒரு இடத்துல இருக்கற ஒரு உயிர் இன்னொண்ணை எப்படிப் புடிச்சுக்கிட்டு நிக்குதுங்கறதை நேர்ல பாக்கறதுக்குத்தான். அதுக்கு சில சமயம் சிங்கத்தை விட்டுட்டு எறும்பைப் பாக்கணும். இப்படிச் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க, அதனால அந்த எறும்புக் கதையையே முதல்ல சொல்லிடறேன்.

நம்ம முதல்ல போற இடம் லைக்கிபியா, கென்யா மலைக்கு மேற்கால இருக்கற மேட்டு நிலம், அதுல ஓல் பெஜெட்டான்னு ஒரு கன்சர்வன்சி, அதாவது காட்டு விலங்குகளைக் காக்கறதுக்குன்னு ஒதுக்கின நிலம். அங்க மைல் கணக்குல ஒரே வகை முள்மரம் நிக்கும், விசில் முள் மரம்னு சொல்வாங்க. முள்ளோட அடிப்பாகம் நெல்லிக்காய் சைஸுக்கு உருண்டையா வீங்கிக் கருப்பா இருக்கும், அதுல பொடிப்பொடி ஓட்டை, காத்தடிச்சா அந்த ஓட்டை வழியா விசில் சத்தம் வரும். அந்த உருண்டைக்குள்ளதான் எறும்பு குடியிருக்கு. மரம் அதுக்கு வீடும் குடுத்து இலைக்காம்புல தேன் மாதிரி ஒரு திரவமும் குடுக்குது, பதிலுக்கு எறும்பு மரத்துக்குக் காவல். போன தடவை வந்த பொண்ணு ஒருத்தி, கைடு சொல்லிக்குடுத்த மாதிரி ஒரு குச்சியால கிளையை லேசா தட்டினா, ஒரு நிமிஷம்கூட ஆகல, கிளை முழுக்க எறும்பு வயித்துப் பகுதியைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு ஓடி வருது, குச்சி வழியாவே அவ கையை நோக்கி வருது, அவ குச்சியைப் போட்டுட்டு "மிஸ், யானை இதைத் தின்னா மூக்குக்குள்ள போயிடாதா"ன்னு கேட்டா. அதேதான். யானை தும்பிக்கையை வெச்சதும் எறும்பு உள்ள பூந்து கடிக்கும், தும்பிக்கையோட உள்பக்கம் ரொம்ப மென்மையான தோல், அதனாலயே எறும்பு இருக்கற மரத்தை யானை பெரும்பாலும் தொடாது. அஞ்சு மில்லிமீட்டர் பூச்சி அஞ்சு டன் மிருகத்தை விரட்டுது.

இதோட முடியல. கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி பெரிய தலை எறும்புன்னு வேற ஒரு இனம் வெளியிலேருந்து அந்தப் பக்கம் வந்து சேந்துச்சு. அது உள்ளூர் எறும்பைக் கொன்னு முட்டையைத் தின்னு தீத்துடும், ஆனா மரத்துக்குக் காவல் இருக்காது. காவல் போனதும் யானை மரத்தை உடைக்க ஆரம்பிச்சுது. மரம் குறைஞ்சா இடம் வெட்டவெளி ஆகுது. சிங்கம் வரிக்குதிரையைப் புடிக்கறது ஓடி இல்ல, மறைவுல பதுங்கித்தான், அந்த மறைவே போச்சுன்னா வரிக்குதிரை தூரத்துலேயே பாத்துட்டு நகந்துடும். ஓல் பெஜெட்டால சிங்கம் அடிச்ச இரையில 2003ல வரிக்குதிரை 67 சதவீதம், 2020ல அது 42 சதவீதமா குறைஞ்சுடுச்சு. அந்தக் குறையை ஈடுகட்ட சிங்கம் காட்டெருமை பக்கம் திரும்பியிருக்கு. காட்டெருமைங்கறது சாதாரண இரை இல்ல, கொம்பால சிங்கத்தையே கொல்லக்கூடியது, ஒண்ணை வீழ்த்த நிறைய சிங்கம் சேரணும். இந்த ஆராய்ச்சி 2024ல சயன்ஸ் இதழ்ல வந்துச்சு, முதல் பேரா இருக்கறவர் டக்ளஸ் கமாரு, கென்யாக்காரர், அப்போ அவரே பிஎச்டி மாணவர். பசங்களா, அதை நல்லா மனசுல வெச்சுக்கோங்க. எறும்புல ஆரம்பிச்சு சிங்கத்தோட சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் கயிறு புடிச்சுப் போனது ஒரு ஸ்டூடன்ட்.

அதே ஓல் பெஜெட்டாலதான் நாஜின், ஃபாட்டுன்னு அம்மாவும் பொண்ணுமா ரெண்டு வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் இருக்கு. அந்த இனத்துல உலகம் முழுக்க மிச்சம் இருக்கறது இந்த ரெண்டுதான். கடைசி ஆண், சூடான்னு பேரு, 2018 மார்ச் மாசம் செத்துப்போச்சு. சோதனைக்குழாய் முறையில கரு உண்டாக்கி, தெற்கு வெள்ளைக் காண்டாமிருகத்தோட வயித்துல வளக்கப் பாக்கறாங்க, அந்த முறையில காண்டாமிருகம் சினையாக முடியும்னு 2024 ஜனவரில அறிவிச்சாங்க. பயாலஜி புக்ல ஒரு பாராவுல படிச்சுட்டுத் தாண்டிப் போற ஐவிஎஃப், அங்க ஒரு இனத்தோட உயிர்ப் பிரச்சனை. துப்பாக்கி வெச்ச காவலர்கள் ராத்திரி பகலா கூடவே இருக்காங்க.

அடுத்து மாரா. வில்டபீஸ்ட், அதாவது பாக்க மாடு மாதிரி இருக்கற பெரிய மான் வகை, அது கூட்டமா மாரா ஆத்தைத் தாண்டற வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க. தான்சானியால செரெங்கெட்டி, கென்யால மாரா, நடுவுல வேலி கிடையாது, மழையும் புல்லும் எங்கயோ அங்க 10 லட்சத்துக்கு மேல வில்டபீஸ்ட் வருஷம் முழுக்க சுத்திக்கிட்டே இருக்கும். இது என்னைக்கும் இப்படியே இருந்ததுன்னு நினைக்காதீங்க. 1880கள் கடைசியில மாட்டு வெக்கை நோய் ஆப்பிரிக்காவுக்குள்ள நுழைஞ்சுது, நம்ம ஊர்ல மாடு வளத்தவங்களுக்கு அந்தப் பேரு தெரியும். மசாய் மக்களோட மாடுங்க கூட்டங்கூட்டமா செத்துச்சு, மாடு போனதும் அந்த மக்களும் பட்டினில செத்தாங்க, மாட்டு இனத்துக்குக் கிட்டத்துல இருக்கற வில்டபீஸ்ட்டும் காட்டெருமையும் அந்த நோய்ல அடிபட்டு எழுந்திரிக்கவே முடியாம கிடந்துச்சு. 1960கள் ஆரம்பத்துல வில்டபீஸ்ட் ரெண்டரை லட்சம் வாக்குலதான். அந்தக் காலத்துலதான் சுத்து வட்டார மாடுங்களுக்குத் தடுப்பூசி போட்டாங்க, கவனிங்க, ஊசி போட்டது வீட்டு மாட்டுக்கு, காட்டு மிருகத்துக்கு இல்ல. நோய் ஓடிப்போச்சு, 1977ல வில்டபீஸ்ட் 13 லட்சம். அத்தனை வாய் புல்லைத் தின்னதும் காய்ஞ்ச புல் குறைஞ்சுது, காட்டுத்தீ குறைஞ்சுது, தீயில கருகிட்டிருந்த மரக்கன்னு தலையெடுத்து மரமா நின்னுச்சு. நீங்க அங்க ஒரு மரத்தடியில நிக்கறப்போ, அந்த நிழலுக்கு ஒரு மாட்டு டாக்டரும் காரணம். 2011ல அந்த நோயை உலகத்தை விட்டே ஒழிச்சாச்சுன்னு அறிவிச்சாங்க, பெரியம்மைக்கு அடுத்து அப்படி ஒழிச்ச ரெண்டாவது நோய் அது.

ஆத்தைத் தாண்டறப்போ நிறைய செத்துப் போகும், பாக்கறதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், சில பசங்க அழுவாங்க, அழட்டும், தப்பே இல்ல. ஆனா அழுது முடிச்சதும் கரையில யார் யார் வந்திருக்காங்கன்னு எண்ணச் சொல்லுவேன். முதலை கண்ணுல பட்டுடும். கழுகு, மராபு நாரை, மீன், புழு, இதெல்லாம் தேடிப் பாக்கணும். வருஷத்துக்கு சராசரியா 6,000க்கு மேல வில்டபீஸ்ட் அந்த ஆத்துல முங்கிச் சாகுதுன்னு கணக்கெடுத்திருக்காங்க, மொத்த எடை 1,100 டன். சதை சில வாரத்துல தீந்துடும், எலும்பு கரையறதுக்கு ஏழு வருஷம் ஆகும், அந்த ஏழு வருஷமும் பாஸ்பரஸ் கொஞ்சம் கொஞ்சமா தண்ணில இறங்கிக்கிட்டே இருக்கும். மீனோட உடம்புல அது சேருது. கெமிஸ்ட்ரி டீச்சரும் நம்ம கூட வர்றாங்க, அந்த இடத்துல அவங்க பேசுவாங்க.

இப்ப நான் ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம். போன தடவை மாரால ஒரு சீட்டா, அதாவது சிவிங்கிப்புலி, தன்னோட ரெண்டு குட்டியோட ஒரு கரையான் புத்து மேல உக்காந்திருந்துச்சு. எங்க வண்டிதான் முதல் வண்டி. டிரைவர் இன்ஜினை அணைச்சுட்டு பேசாம இருந்தார், பசங்க மூச்சு விடாம பாத்தாங்க. கொஞ்ச நேரத்துல ரேடியோ கரகரங்குது, தூரத்துல புழுதி, ஒவ்வொண்ணா வண்டி வந்து சேருது. ஒரு விலங்கைச் சுத்தி அஞ்சு வண்டிக்கு மேல நிக்கக் கூடாது, 25 மீட்டர் தள்ளி நிக்கணும்னு மாரால விதி இருக்கு, கூட்ட சீசன்ல அதை மதிக்காதவங்களும் இருக்காங்க. எங்க டிரைவர் சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பிட்டார். நாமதானே முதல்ல வந்தோம், நாம ஏன் போகணும்னு பசங்களுக்குக் கோபம். அவர் சொன்னார், அது காலையிலேருந்து சாப்பிடல, வயிறு ஒட்டியிருக்கு பாருங்க, சீட்டா பகல்ல வேட்டையாடுறது, நம்ம எல்லாரும் சுத்தி நின்னா அது இன்னைக்கும் பட்டினி. அன்னைக்கு ராத்திரி கேம்ப்ல நான் பசங்களுக்கு ஒரு கணக்கு காட்டினேன். ஃபெம்கே புரூக்ஹுயிஸ்ங்கற ஆய்வாளர் 2018ல வெளியிட்டது. மாரால டூரிஸ்ட் கூட்டம் அதிகமா இருக்கற பகுதியில ஒரு தாய் சீட்டா ஒரு ஈத்துல வளத்து ஆளாக்கற குட்டி சராசரியா 0.2, கூட்டம் குறைவா இருக்கற பகுதியில 2.3. அந்த ரெண்டு நம்பரைப் போர்டுல எழுதினதும் கோபமா இருந்த பையன்தான் முதல்ல கை தூக்கி, நாளைக்கு எந்த வண்டியும் நிக்காத இடமா பாத்துப் போகலாமான்னு கேட்டான்.

அதனால பேரன்ட்ஸ் கிட்ட என் வேண்டுகோள், ஏஜென்ட் கிட்ட எத்தனை விலங்கு காட்டுவீங்கன்னு கேக்காதீங்க. ஒரு வண்டியில எத்தனை பேரு, எல்லாருக்கும் ஜன்னல் சீட் உண்டா, கைடு பரீட்சை பாஸ் பண்ணவரா, பசங்க சொன்னா ஒரே இடத்துல ரெண்டு மணி நேரம் நிப்பீங்களான்னு கேளுங்க. கென்யால சஃபாரி கைடுகளுக்கு வெண்கலம், சில்வர், கோல்டுன்னு பரீட்சை வெச்சிருக்காங்க, கோல்டு வாங்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. நல்ல கைடு ஒருத்தர் பத்து பாடப்புத்தகத்துக்குச் சமம், நான் மனசார சொல்றேன்.

இன்னொண்ணு மசாய் மக்கள். அவங்களை சிவப்புத் துணி கட்டிட்டு குதிச்சு ஆடறவங்களா மட்டும் பாத்துட்டு வந்தா நம்ம போனதே வேஸ்ட். மாரா ரிசர்வைச் சுத்தி இருக்கற கன்சர்வன்சி எல்லாம் அவங்க சொந்த நிலம், குடும்பம் குடும்பமா பட்டா இருக்கு, அதைக் குத்தகைக்கு விட்டு மாசாமாசம் பணம் வாங்கறாங்க. மாடு மேய்க்கறதுக்கும் சிங்கம் திரியறதுக்கும் முறை வெச்சு அவங்களே பாத்துக்கறாங்க. மாட்டுக்கொட்டில்ல ராத்திரி சிங்கம் பூந்தா நஷ்டம் அவங்களுக்கு, சிங்கத்தைப் பாத்த சந்தோஷம் நமக்கு, இதைப் பசங்க கண்டிப்பா யோசிக்கணும். நைரோபி தேசியப் பூங்கா ஓரத்துல ரிச்சர்ட் டுரேரேன்னு ஒரு மசாய் பையன். ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டு நடந்தா சிங்கம் கிட்ட வரலன்னு கவனிச்சான், நகர்ற வெளிச்சத்துக்குத்தான் அது பயப்படுதுன்னு புரிஞ்சுக்கிட்டான். பழைய கார் பேட்டரி, மோட்டார் சைக்கிள் இண்டிகேட்டர் பெட்டி, உடைஞ்ச டார்ச்சுல இருந்த பல்பு, சோலார் பேனல், இதை வெச்சு கொட்டிலைச் சுத்தி மாறி மாறி மின்னற விளக்கு கட்டினான், சிங்கம் வரல, சிங்கத்தைக் கொல்ல வேண்டிய அவசியமும் வரல. 2013ல டெட்ங்கற உலகப் புகழ் பேச்சு மேடையில பேசறப்போ அவனுக்கு 13 வயசு. இங்க உக்காந்திருக்கற உங்களை விடச் சின்னவன்.

பணம் பத்தி ஒரு வார்த்தை. மாரா நுழைவுக் கட்டணம் ஜூலைலேருந்து டிசம்பர் வரைக்கும் வெளிநாட்டுப் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர்னு 2024ல ஏத்தினாங்க, 9 வயசுலேருந்து 17 வரைக்கும் 50 டாலர். அதனாலதான் பிளஸ் ஒன்லயே கூட்டிட்டுப் போறது, காலேஜுக்குப் போனப்புறம்னா முழுக் கட்டணம் ஆயிடும். நம்ம மே மாச லீவு அங்க பெருமழைக் காலம், வண்டி சேத்துல மாட்டும், அதனால காலாண்டு லீவு. செப்டம்பர் கடைசியில வில்டபீஸ்ட் மாராலதான் இருக்கும்.

யெல்லோ ஃபீவர் ஊசி கட்டாயம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க, போட்டு பத்து நாள் கழிச்சுத்தான் சர்டிஃபிகேட் செல்லும், அது இல்லாம கென்யாலேருந்து திரும்பினா ஏர்போர்ட்லேருந்து நேரா குவாரன்டைன், ஆறு நாள் வரைக்கும் வெச்சுப்பாங்க. மலேரியா மாத்திரை டாக்டர் கிட்ட கேட்டு எழுதி வாங்குங்க, நீங்களா மெடிக்கல்ல வாங்காதீங்க. ஆப்பிரிக்கான்னா வெயில்னு நினைச்சுக்கிட்டு ஸ்வெட்டர் வைக்காம அனுப்பிடாதீங்க, லைக்கிபியா பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருந்தாலும் கிட்டத்தட்ட குன்னூர் உயரம், விடியக்காலை திறந்த வண்டியில பல்லு தந்தியடிக்கும். பிளாஸ்டிக் கவர் எதுவும் பெட்டியில வேணாம், அந்த நாட்டுல 2017லேருந்து தடை. சைவம் சாப்பிடற பசங்களுக்குப் பிரச்சனை இல்ல, சப்பாத்தி அங்க வீட்டுச் சாப்பாடாவே ஆயிடுச்சு, கீரைப் பொரியல் மாதிரி சுக்குமா விக்கி கிடைக்கும், சோளமும் பீன்ஸும் சேத்து வேக வெச்ச கித்தேரி கிடைக்கும்.

ஃபோன் வேணும்னா எடுத்துட்டு வாங்க, ஆனா பைனாகுலர் அதை விட முக்கியம், எட்டுக்கு நாப்பத்திரெண்டு (எட்டு மடங்கு பெருசா காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர்) போதும், ரெண்டு பேர் சேந்து ஒண்ணு வாங்கினாலும் சரி. ஒரு நோட்டு, பென்சில். பேனா வேணாம், புழுதியிலயும் ஈரத்துலயும் மக்கர் பண்ணும். பாஸ்போர்ட் காப்பி வெள்ளிக்கிழமைக்குள்ள ஆபீஸ்ல குடுத்துடுங்க. ஏஜென்ட் பின்னாடி வரிசையில உக்காந்திருக்கார், வண்டி சீட் பத்தின கேள்வியை முதல்ல அவர் கிட்ட கேளுங்க, மத்தது எல்லாத்துக்கும் நான் இருக்கேன்.